காஞ்சியில் உறைந்த புத்தகோசர்

நம் படாளத்திலிருந்து பாலாற்றை எதிர்த்து மேற்கே சென்றால் காஞ்சிபுரம். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அந்நகரில் சோதிபாலர் என்னும் தேரரோடு புத்தகோசர் உறைந்தார். அங்குத்தர நிகாயத்துக்குத் தாம் வகுத்த மனோரதபூரணி உரையின் இறுதியில், அவ்வுரையை இயற்ற வேண்டியவர் காஞ்சி முதலிய ஊர்களில் தம்மோடு வாழ்ந்த சோதிபாலரே என்று அவர் நன்றியோடு குறிக்கிறார்.

அவர் பிறந்த ஊர் பற்றிய வழக்கு இன்னும் ஓயவில்லை. போதி மரத்தருகே பிறந்த அந்தணர் என்கிறது சூளவம்சம்; ஆந்திர நாட்டவர் என்பாரும் உளர். அவரைத் தமிழராக்கும் ஆசை எனக்கில்லை. இங்கு வாழ்ந்தார் என்பதே போதும்.

ரேவத தேரரிடம் துறவேற்று, அவர் ஏவியபடி ஈழம் சென்றார். மகாநாமன் ஆட்சியில் அநுராதபுரத்து மகாவிகாரையில் சிங்கள உரைகளைக் கற்று, அவற்றைப் பாலி மொழியில் ஆக்க இசைவு கேட்டார். துறவியர் முதலில் அவர் புலமையைச் சோதித்தனர். அதற்கு விடையாக அவர் தந்தது 23 இயல்கள் கொண்ட விசுத்திமார்க்கம். தேவர்கள் சுவடியை ஒளித்து மும்முறை எழுதவைத்த கதையை நம்புவோர் நம்பட்டும். எனக்கு அந்நூலின் 9ஆம் இயலே வியப்பு.

மைத்திரியைப் பயிலும் முறையை அவ்வியல் விளக்குகிறது. முதலில் தன்னிடம், பின் மதிப்புக்குரிய ஆசானிடம், அடுத்து உயிர்நண்பனிடம், பிறகு அயலானிடம், இறுதியில் பகைவனிடம். இவ்வரிசை காரணத்தோடு அமைந்தது. அன்புக்குரியவரிடம் மைத்திரி பயிலவேண்டும் எனக் கேட்ட ஒருவன், நோன்பேற்று, கதவடைத்த அறையில் தன் மனைவியை எண்ணிப் பயின்றானாம். வேட்கை மூண்டு, அவளிடம் செல்ல வாயில் தெரியாமல் இரவெல்லாம் சுவரோடு மோதினான். பற்று மைத்திரியின் வேடத்திலேயே அருகில் வந்து நிற்கும் பகை என்று புத்தகோசர் காட்டுகிறார். துறவி ஒருவர் இல்லறத்தாரின் நெஞ்சை இத்துணை நுட்பமாக அறிந்திருக்கிறாரே!

சினம் தணியாதபோது அவர் ஒரே மருந்தோடு நிற்பதில்லை. பகைவனின் சொல் தீதாயின் அவன் செயலில் நன்மை தேடச் சொல்கிறார். சினம் கொள்வது பிறர்மேல் எறியத் தணலைக் கையில் எடுப்பது என்கிறார். சினப்பது அவன் தலைமயிரையா, நகத்தையா என்றுகூடக் கேட்கிறார். எதுவும் பலிக்காவிடில் பகைவனுக்கு ஏதேனும் கொடு என்கிறார். சித்தலபப்பத விகாரையில் மூத்தவர் ஒருவரால் மும்முறை இருப்பிடத்தினின்று எழுப்பப்பட்ட தேரர், தம் தாய் அளித்த, 8 காசு பெறும் பிச்சைப் பாத்திரத்தை அவரிடமே கொடுத்தார். பத்தாண்டு கூடிக் கவிதை பேசிய நம் வட்டத்திலும் மனத்தாங்கல்கள் இல்லாமலில்லை. இந்நிகழ்ச்சியைப் படிக்குந்தோறும் எனக்குச் சில முகங்கள் நினைவில் வருகின்றன.

மச்சிம நிகாயத்து உரையை வேண்டியவர், மயூரசுத்தபட்டினத்தில் அவரோடு உறைந்த புத்தமித்திரர். அவ்வூரை மயிலாப்பூர் என்பர் சிலர். எழுத்துப்பணி முடிந்ததும் புத்தகோசர் போதி மரத்தை வணங்க வடக்கே சென்றார் என்கிறது சூளவம்சம்.