நிலக்கணக்கு வகுத்த மன்றோ

நம் நாட்டு உழவர் ஒருவரை அணுகி, அவருக்குரிய நிலம் யாது என வினவினால், அவர் தம் பெட்டியைத் திறந்து பட்டா ஒன்றை எடுத்துக் காட்டுவார். அத்தாளில் ஊரின் பெயர், புல எண், நிலத்தின் பரப்பு, நன்செய் புன்செய் என்னும் பிரிவு, ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய தீர்வை, நிலத்துக்கு உரியவரின் பெயர் ஆகியவை நிரலே எழுதப்பட்டிருக்கும். தாள் சிறியதே, ஆயினும் அதன் பயன் மிகப் பெரிது. எளிய உழவர் ஒருவரின் பெயர் இடையில் எவரும் இன்றி அரசாங்கக் கணக்கில் நேரே ஏறி நிற்பதற்கு அது சான்றாகும். இந்நிலை தானே வந்து வாய்த்ததன்று. இதனைச் சென்னை மாகாணத்தில் நிலைநாட்ட நெடுங்காலம் உழைத்தவர்களுள் தலைசிறந்தவர் தாமசு மன்றோ என்பார்.

மன்றோ 1761-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் சுகாத்துலாந்து நாட்டுக் கிளாசுகோ நகரில் பிறந்தார். அவர் தந்தையார் அமெரிக்காவோடு வாணிகம் செய்து வந்தவர். அமெரிக்க விடுதலைப் போர் மூண்டதும் அவ்வாணிகம் சிதைந்தது, குடும்பம் வறுமையுற்றது. கல்லூரியில் பயின்ற இளைஞர் பொருள் தேடிக் கடல் கடக்க நேர்ந்தது. 1780-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் கிழக்கிந்தியக் கும்பினியாரின் படையில் பயிற்சி வீரராகச் சென்னையில் வந்து இறங்கினார். அதே ஆண்டில் ஐதர் அலியோடு போர் எழுந்தது. இளமைப் பருவத்தின் பல ஆண்டுகளை மன்றோ பாசறையிலேயே கழித்தார். ஓய்வு நேரத்தை வீணாக்காமல் பாரசீகம், இந்துத்தானி முதலிய மொழிகளைக் கற்றார். பிறர் மொழியைக் கற்றவர்க்கே பிறர் துன்பம் விளங்கும் என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்க்கை எடுத்துக்காட்டாயிற்று.

1792-ஆம் ஆண்டில் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, தருமபுரி, கிருட்டிணகிரி முதலிய ஊர்களை உள்ளடக்கிய பாரமகால் நாடும் சேலம் பகுதியும் கும்பினியார் கைக்கு வந்தன. அந்நாட்டை ஆளும் பொறுப்பு அலெக்சாந்தர் ரீடு என்னும் படைத்தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்குத் துணையாக அமர்ந்த அதிகாரிகளுள் மன்றோவும் ஒருவர். அவர் தருமபுரியில் தங்கி, அங்கே ஒரு தோட்டமும் அமைத்து, 1799 வரை பணி புரிந்தார்.

அந்நாளில் ஊர்தோறும் கணக்கு எழுதுவோர் இருந்தனர். ஓலையிலும் ஏட்டிலும் கணக்கும் இருந்தது. ஆனால் அக்கணக்கின் உட்பொருள் உழவனுக்குத் தெரியாது. தன் நிலம் எவ்வளவு, அதற்குரிய தீர்வை எவ்வளவு என்பதனை அவன் பிறர் சொல்லக் கேட்டே அறிந்தான். ஒருவன் மீதுள்ள வரி மற்றொருவன் மீது ஏற்றப்படுவதும், விளைநிலம் தரிசென எழுதப்படுவதும், வலியார் குறைத்துக் கொடுத்ததனை எளியார் ஈடுசெய்வதும் பல ஊர்களில் நிகழ்ந்தன. கணக்கு மறைவாயிருக்கும் இடத்தில் வலியவனே நிலக்கிழவன் ஆவான் என்பதனை மன்றோ கண்டுகொண்டார். ரீடும் அவர் துணைவர்களும் புலம் புலமாக நிலத்தை அளந்து, ஒவ்வொன்றின் பரப்பையும் தரத்தையும் உழுபவன் பெயரையும் பதிந்து, உழவனோடு நேரே தீர்வை பேசத் தொடங்கினர். இம்முறையே பின்னர் இரயத்துவாரி எனப் பெயர் பெற்றது. இரயத்து என்பது குடியானவனைக் குறிக்கும் சொல்.

1799-ஆம் ஆண்டில் மன்றோ மேலைக் கடற்கரையிலுள்ள கன்னட நாட்டுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் முதற்கண் தேடியவை பழங்கணக்குகளே. கர்ணங்களின் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வந்த ஏடுகளைத் திரட்டி ஆராய்ந்தார். விசயநகர வேந்தர் காலத்தில் விதித்த தீர்வை இவ்வளவு, பிதனூர் அரசர் கூட்டியது இவ்வளவு, ஐதரும் திப்புவும் மேலேற்றியது இவ்வளவு என அவற்றிலிருந்து படிப்படியாக எடுத்துக் காட்டினார். அங்குள்ள நிலங்கள் பழங்காலந்தொட்டே குடிகளின் சொந்த உடைமையாக இருந்து, விற்றும் அடகு வைத்தும் மரபுரிமையாகவும் கைம்மாறி வந்தமையும் அவருக்குத் தெளிவாயிற்று.

1800-ஆம் ஆண்டில் ஐதராபாத்து நிசாம் பல்லாரி, அனந்தபுரம், கடப்பை முதலிய பெருநிலப் பகுதிகளைக் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தார். அவற்றின் தலைமைக் கலெக்டராக மன்றோ அமர்ந்தார். பாளையக்காரர் பலர் தத்தம் மனம்போல வரி தண்டிய நாடு அது. மன்றோ மாளிகையில் அமர்ந்து ஆணையிட்டாரல்லர். ஆண்டின் பெரும்பகுதியைக் கூடாரத்திலேயே கழித்து, ஊர் ஊராகச் சென்று குடிகளின் குறைகளைக் கேட்டார்.

1802-ஆம் ஆண்டில் அங்கு நில அளவை தொடங்கிற்று. அளக்கத் தெரிந்தவர் தொடக்கத்தில் மிகச் சிலரே. அவர்களைக் கொண்டு பிறரைப் பயிற்றினார். 33 அடி நீளமுள்ள சங்கிலியே எங்கும் அளவுகோலாயிற்று. பக்கம் ஒவ்வொன்றும் ஒரு சங்கிலி நீளமுள்ள சதுரங்கள் 40 சேர்ந்தால் ஓர் ஏக்கர் ஆகும். அளப்பவர் தவறு செய்தாலோ கையூட்டுப் பெற்றாலோ அது வெளிப்படும்பொருட்டு, அவர்கள் அளந்தவற்றுள் சிலவற்றை மேலாளர் மீண்டும் அளந்து பார்க்க ஏற்பாடு செய்தார். அதன்பின் மதிப்பிடுவோர் சென்று, மண்ணின் தன்மை, நீர்வளம் ஆகியவற்றை ஊர்த்தலைவர், கர்ணம், குடிகள் ஆகியோர் முன்னிலையில் ஆராய்ந்து நிலங்களைத் தரம் பிரித்தனர். தீர்வை மிகையென்று கருதியவர் முறையிட இடம் தரப்பட்டது.

அக்காலத்து நிகழ்ச்சியாக ஒரு செய்தியைத் துங்கபத்திரைக் கரை மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மந்திராலய மடத்துக்குரிய மானிய நிலத்தைப் பற்றி விசாரிக்கச் சென்ற மன்றோ, தொப்பியையும் காலணியையும் களைந்து உள்ளே புகுந்தார் என்பதும், முன்பே சமாதியடைந்திருந்த இராகவேந்திர அடிகள் அவருக்குக் காட்சி தந்தார் என்பதும் அச்செய்தியாகும். குடிகள் அவரை எவ்வாறு நினைவில் வைத்தனர் என்பதற்கு இது சான்று.

மன்றோவின் கொள்கைக்குத் தடைகள் பல எழுந்தன. வங்காளத்தில் 1793-ஆம் ஆண்டில் நிலையான தீர்வை முறை ஏற்படுத்தப்பட்டு, சமீன்தார்கள் நிலத்தின் தலைவர்களாக்கப்பட்டனர். 1802 முதல் சென்னை மாகாணத்திலும் அம்முறை பல பகுதிகளில் புகுத்தப்பட்டது. சிலரிடம் வரி வாங்குவது எளிது. பல்லாயிரம் குடிகளிடம் வாங்குவது அரிது என்பது அதனை விரும்பியோர் கருத்து. நிலத்தைத் திருத்தி உழுபவன் பெயர் கணக்கில் இல்லாதொழிந்தால், அவன் என்றும் பிறன் தயவில் வாழ்பவனாவான் என்பது மன்றோவின் கருத்து. இவற்றுள் எது வெல்கின்றதோ அதனைப் பொறுத்தே எண்ணற்ற குடும்பங்களின் வாழ்வும் தாழ்வும் அமையும் நிலை இருந்தது.

1807-ஆம் ஆண்டில் அவர் தம் அளவைப் பணியை முடித்துத் தாயகம் செல்லுமுன், தீர்வை குடிகளால் தாங்கவியலாத அளவில் உள்ளதென்றும், நூற்றுக்கு 25 பங்கு குறைக்க வேண்டுமென்றும் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடத்தார் இசையவில்லை. அவர் சென்றபின் ஊர்களைக் குத்தகைக்கு விடும் முறை வந்தது. குத்தகைதாரர் பலர் நொடித்தனர், குடிகளும் நலிந்தனர். மன்றோ இங்கிலாந்திலும் வாளாவிருக்கவில்லை. 1813-ஆம் ஆண்டில் கும்பினியாரின் உரிமைப் பட்டயம் புதுப்பிக்கப்பெற்ற காலத்தில், பாராளுமன்றத்தின் முன் தம் பட்டறிவை எடுத்துரைத்தார். 1814-இல் நீதித்துறையைச் சீர்திருத்தும் குழுவின் தலைவராகச் சென்னைக்குத் திரும்பினார். 1820-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அவரே சென்னை மாகாணத்தின் ஆளுநரானார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் வேண்டிய தீர்வைக் குறைப்பு அப்போதுதான் நிறைவேறிற்று. சமீன் அல்லாத நிலங்களில் இரயத்துவாரி முறையும் வேரூன்றியது.

மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் உள்ளன, அவற்றில் எத்தனை சிறுவர் பயில்கின்றனர் என 1822-இல் கலெக்டர்கள் வாயிலாகக் கணக்கெடுக்கச் செய்தவரும் அவரே. எதனையும் எண்ணி அறிந்த பின்னரே ஆணையிட வேண்டும் என்பது அவர் இயல்பு.

1827-ஆம் ஆண்டில் பதவியை விட்டு நாடு திரும்புமுன், தாம் அன்பு கொண்டிருந்த பழைய மாவட்டங்களை இறுதியாக ஒருமுறை காணப் புறப்பட்டார். வழியில் வாந்திபேதி நோய் கண்டு, சூலை 6-ஆம் நாள் பத்திகொண்டா என்னும் ஊரில் உயிர் நீத்தார். அவ்வூரில் அவர் நினைவாகக் கிணறும் தோப்பும் அமைக்கப்பட்டன. குத்தியில் அடக்கம் செய்யப்பட்ட அவர் உடல் பின்னர்ச் சென்னைக் கோட்டையிலுள்ள தூய மேரி கோயிலுக்கு எடுத்து வரப்பட்டது. குதிரை மேல் அமர்ந்த அவர் வெண்கலச் சிலை 1839 முதல் சென்னைத் தீவுத்திடலருகே நிற்கின்றது.

மன்றோ கும்பினியாரின் ஊழியர் என்பதை நாம் மறத்தலாகாது. அம்முறையால் குடிகளின் துன்பம் முற்றும் நீங்கிவிடவுமில்லை. தீர்வை பல இடங்களில் கடுமையாகவே இருந்தது. அதனைத் தண்டுவதற்குக் கீழதிகாரிகள் குடிகளைத் துன்புறுத்தினர் என்பதை அரசாங்கம் அமைத்த குழுவே கண்டு 1855-ஆம் ஆண்டில் வெளியிட்டது. நல்ல கணக்கும் நல்லோர் கையில் இருந்தாலன்றிப் பயன்படாது என்பது இதனால் விளங்கும்.

பின்னாளில் அளவைத்துறை 1858-ஆம் ஆண்டு முதல் மாகாணம் முழுவதையும் முறையாக அளந்து புலப்படங்களை வரைந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் சமீன்களை ஒழித்து, அந்நிலங்களையும் இரயத்துவாரி முறைக்குள் கொணர்ந்தது. கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980-இல் நீங்க, கிராம நிர்வாக அலுவலர் அக்கணக்கைக் காக்கின்றார்.

மாணவர்களே! அக்கணக்குகளை நீங்களும் படித்தறிதல் வேண்டும். பட்டா, இன்ன நிலம் இன்னார் பெயரில் உள்ளதெனக் காட்டும். சிட்டா, ஊரில் ஒவ்வொரு பட்டாதாரருக்கும் உள்ள நிலங்களைத் தொகுத்துக் காட்டும். அடங்கல், ஒவ்வொரு புலத்திலும் அவ்வாண்டு விளைந்த பயிரைக் கூறும். புலப்படம் எல்லையின் அளவைக் காட்டும். பசலி என்பது சூலை முதல் நாள் தொடங்கும் வருவாய் ஆண்டு. ஆண்டுதோறும் வட்ட அலுவலகத்தில் நடக்கும் சமாபந்தியில் இக்கணக்குகள் சரிபார்க்கப்படும். குறையுள்ளோர் அங்கே மனுக் கொடுக்கலாம். விற்பனைப் பத்திரம் மட்டும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும். நிலத்தின் மீது பதிவான கைம்மாற்றங்களையும் அடமானங்களையும் அங்கே பெறும் வில்லங்கச் சான்று காட்டும். பத்திரம் பதிந்தும் பட்டாவில் பெயர் மாறாதிருத்தல் உண்டு. ஆதலின் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் அறிவுடைமை. முன்பு கர்ணத்தின் பெட்டிக்குள் கிடந்த பட்டா, சிட்டா விவரங்களை இன்று கணினி வாயிலாக வீட்டிலிருந்தே காணலாம்.

எழுத்தறியாத தந்தையின் பட்டாவை எடுத்துப் பொருள் கூறும் மகன், மகள் உள்ள வீட்டை எவரும் எளிதில் ஏமாற்றவியலாது. குடியானவன் பெயர் கணக்கில் ஏற வேண்டுமென மன்றோ பாடுபட்டார். ஏறிய பெயரைப் படித்துக் காத்தல் நம் கடனாகும்.