ஓம்ஸ்ரெட்டும் நியூயோர்க்குப் பூங்காச் சபையும்

பெருநகரொன்றின் நடுவே வெற்றுநிலம் கிடக்குமாயின் அதனைக் கிடந்தபடி கிடக்க விடுவார் மிகச் சிலரே. வணிகர் அதிற் சந்தை கூட்ட விரும்புவர். படையினர் அணிவகுக்க விரும்புவர். இளைஞர் பந்தாட விரும்புவர். அரசியலார் அதிற் கூட்டங் கூட்டவும், தம்மைச் சார்ந்தோர்க்கு அதன் பேரால் உத்தியோகந் தேடிக் கொடுக்கவும் விரும்புவர். ஒவ்வொருவர் விருப்பத்திலும் சிறிது நியாயம் உண்டு. எல்லாவற்றையும் நிறைவேற்றப் புகின் எஞ்சுவது புழுதியே. இவ்வழக்கைத் தீர்க்கும் பொறுப்பு நகரத்தின் சபையொன்றைச் சார்கிறது. அத்தகைய சபையொன்றுக்கு ஊழியராய் அமர்ந்து, அதனோடு இருபதாண்டு காலம் ஒத்தும் பிணங்கியும் நின்று, ஈற்றில் அதனாலேயே தள்ளப்பட்ட ஒருவரின் வரலாற்றை இங்கு எழுதப் புகுந்தோம். நியூயோர்க் மாநகரின் மத்திய பூங்காவை வகுத்தோருள் ஒருவராகிய பிரெடெறிக் லோ ஓம்ஸ்ரெட் என்பவரே அவர்.

ஓம்ஸ்ரெட் அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்தில் ஹாட்போட் என்னும் நகரிலே 1822ஆம் ஆண்டு ஏப்பிரில் 26ஆம் நாள் பிறந்தார். தந்தையார் துணி வணிகர், செல்வர். தாயாரை நான்கு வயது நிரம்புமுன் இழந்தார். இயற்கைக் காட்சிகளைக் காண்பதற்கென்றே குடும்பத்தோடு வண்டியிற் செல்லும் வழக்கம் தந்தையாருக்கு இருந்தது. பிற்காலத்து ஓம்ஸ்ரெட்டின் கலைக்கு வித்து அப்பயணங்களே. யேல் கல்லூரிக்குச் செல்லவேண்டிய பருவத்தில் நச்சுச் செடியொன்றினாற் கண்கள் பழுதுற, முறையான உயர்கல்வி தடைப்பட்டது. பின்னர் நியூயோர்க்கில் வணிக நிலையமொன்றில் எழுதுவினைஞராயிருந்தார். 1843இற் கப்பலேறிச் சீனத்துக் கன்ரன் துறைமுகம் வரை சென்று நோயோடு மீண்டார். ஸ்ரற்றன் தீவிலே தந்தையார் பணத்தில் வேளாண்மை செய்தார். செய்தித்தாளுக்காகத் தென் மாநிலங்களைச் சுற்றி, அடிமை முறையின் கேட்டினை நேரிற் கண்டு எழுதினார். நூல் வெளியீட்டு நிறுவனமொன்றிற் பங்காளியாய்ச் சேர்ந்தார். அந்நிறுவனமும் 1857இல் முறிந்தது. முப்பத்தைந்து வயதில் அவர் கையில் தொழிலுமில்லை, பொருளுமில்லை. கடன் மட்டுமே இருந்தது. பரீட்சையில் ஒருமுறை தவறியதும் வாழ்வே முடிந்ததென்று மனமுடையும் மாணவர் இவ்விடத்திற் சற்று நின்று செல்வாராக.

அவ்வாண்டுகளில் வீணாகாத பயணம் ஒன்று உண்டு. 1850இல் இங்கிலாந்திற் கால்நடையாகச் சுற்றியபொழுது, லிவர்ப்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள பேர்க்கன்ஹெட் என்னும் ஊரின் பூங்காவைக் கண்டார். மூன்றாண்டுகளுக்கு முன்னரே திறக்கப்பட்ட அப்பூங்கா, அரசர் அருளிய தோட்டமன்று. செல்வர் தந்த கொடையுமன்று. ஊர்த் திருத்தச் சபையார் பொதுப்பணத்திற் சதுப்பு நிலத்தை வாங்கி, நடுவிலே பூங்கா அமைத்து, சுற்றிலும் எஞ்சிய நிலத்தை வீட்டு மனைகளாக விற்றுச் செலவை ஈடுசெய்தனர். வகுத்தவர் ஜோசப் பக்ஸ்ரன் என்னும் தோட்டக்கலை வல்லுநர். ஏழையும் செல்வனும் ஒரே நிழலில் நடக்கக் கண்ட ஓம்ஸ்ரெட், குடியாட்சி நாடாகிய தம் நாட்டில் இத்தகையதொன்று இல்லையே என்று வருந்தினார்.

நியூயோர்க் நகரோ அப்பொழுது மன்ஹற்றன் தீவின் தென்முனையிலிருந்து வடக்கு நோக்கி விரைந்து வளர்ந்துகொண்டிருந்தது. 1853இல் மாநிலச் சட்டமன்றம் தீவின் நடுவிற் பெரு நிலப்பரப்பொன்றைப் பூங்காவுக்கென ஒதுக்கியது. அது வெற்றுநிலமாகவே கருதப்பட்டது. உண்மையில் அங்கே ஏறத்தாழ 1,600 பேர் வாழ்ந்தனர். அவர்களுட் செனக்கா கிராமத்தார் குறிப்பிடத்தக்கவர். அவருட் பெரும்பாலார் கறுப்பின மக்கள்; பலர் சொந்த நிலமும் வீடும் உடையவர்; தேவாலயங்களும் பாடசாலையும் வைத்திருந்தவர். ஈட்டுப்பணம் கொடுத்து 1857இல் அவர்களை எழுப்பிவிட்டனர். வெளியேற்றும் முடிவு ஓம்ஸ்ரெட்டினுடையதன்று. அவர் பதவியேற்குமுன்னரே எடுக்கப்பட்டது. ஆயினும் அப்பூங்காவின் அழகைப் பேசுவோர் இக்கிராமத்தை ஒன்றரை நூற்றாண்டுக் காலம் பெரிதும் மறந்தேயிருந்தனர் என்பதைச் சொல்லாது செல்லல் முறையன்று.

1857இல் மாநிலச் சட்டமன்றம் நகரபிதாவின் கையிலிருந்து பூங்கா அலுவலைப் பிரித்து, பதினொருவர் கொண்ட ஆணையாளர் சபையொன்றிடம் ஒப்படைத்தது. இது தூய நோக்கத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. சட்டமன்றம் ஒரு கட்சியின் கையில், நகரம் மற்றொரு கட்சியின் கையில். பல்லாயிரம் தொழிலாளரை அமர்த்தும் அதிகாரத்தை மாற்றான் கையில் விட எவருக்கு மனம் வரும்? ஆயினும் கட்சிப் பகையிற் பிறந்த அச்சபை தன் பிறப்பினும் மேலான காரியங்களைச் செய்தது.

அவ்வாண்டு கோடையிற் கடற்கரை விடுதியொன்றில் அச்சபையின் அங்கத்தவர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்த ஓம்ஸ்ரெட், பூங்காவுக்கு மேற்பார்வையாளர் ஒருவர் வேண்டப்படுவதை அறிந்தார். உடனே நகரத்துப் பெரியோரிடம் கையொப்பம் திரட்டினார். எழுத்தாளர் வாஷிங்ரன் ஏர்விங் அவர்களுள் ஒருவர். செத்தெம்பரிற் பதவி கிடைத்தது. வேதனம் ஆண்டுக்கு 1,500 டொலர். எழுத்தாளர் ஒருவர் வேலை வாங்க வருகிறார் என்று தலைமைப் பொறியியலாளர் வீலி எள்ளினார். முதல்நாள் நல்லுடையோடு சென்றவரைச் சேற்றிலும் முள்ளிலும் நடத்திச் சென்று தொழிலாளர் நகைத்தனர்.

அந்நாட்களில் வங்கிகள் முறிந்து நகரெங்கும் வேலையின்மை பெருகிற்று. வேலை கேட்ட கூட்டம் பூங்கா அலுவலகத்தைச் சூழ்ந்தது. கட்சிக்காரரின் சிபாரிசுக் கடிதங்கள் குவிந்தன. ஓம்ஸ்ரெட் ஆட்களைப் படையினரைப்போல் அணிபிரித்து, நாள்வேலையைக் கணக்கிட்டு, சோம்பினாரை நீக்கினார். சில மாதங்களில் நகைத்தவர்கள் வாயடைத்தனர்.

பூங்காவின் அமைப்புக்குச் சபை ஒரு போட்டி வைத்தது. அணிவகுப்புத் திடல், விளையாட்டிடங்கள், நீரூற்று, கண்காட்சி மண்டபம், பூந்தோட்டம், பனிக்காலத்திற் சறுக்கி விளையாட நீர்நிலை, நகர வண்டிகள் குறுக்கே செல்லக் குறைந்தது நான்கு வீதிகள் ஆகிய எல்லாம் வேண்டுமென்றனர். முப்பத்துமூன்று திட்டங்கள் வந்தன. கல்வேட் வோக்ஸ் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞரும் ஓம்ஸ்ரெட்டும் கூடி வரைந்த திட்டம் 1858 ஏப்பிரிலில் முதற்பரிசாகிய 2,000 டொலரைப் பெற்றது. ஓம்ஸ்ரெட்டைக் கூட்டாளியாக அழைத்தவர் வோக்ஸ் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பூங்காவின் பாலங்களிற் பலவும் அவர் கைவண்ணமே.

இத்திட்டத்தின் தனிச்சிறப்பு அக்குறுக்கு வீதிகளைப் பற்றியது. ஏனையோர் பலரும் அவற்றைப் புல்வெளிமீதே ஓட விட்டனர். இவ்விருவரோ நான்கினையும் நிலத்தின் கீழே பள்ளமாகத் தாழ்த்தி, மேலே பாலமிட்டு, மரஞ்செடிகளால் மறைத்தனர். இறைச்சிக்காரன் வண்டியும் தீயணைப்பு வண்டியும் இரவிற் பூங்கா பூட்டியிருக்கும்பொழுதும் தடையின்றிச் செல்லலாம். மேலே உலாவுவோர் அவற்றைக் காணவும் வேண்டியதில்லை. அன்று அங்கே போக்குவரவு மிகுதியன்று. மோட்டார் வண்டி என்னும் பெயரே பிறவாத காலத்தில் வகுத்த அவ்வழிகள் இன்றும் நகரத்தின் போக்குவரவைத் தாங்குகின்றன. நடைபாதை, குதிரைப் பாதை, வண்டிப் பாதை ஆகியவற்றையும் ஒன்றன்மேலொன்று கடக்கச் செய்து, மோதாமற் பிரித்தனர்.

வேலை பெருவேலையாயிற்று. பாறைகள் வெடிமருந்தால் உடைக்கப்பட்டன. சதுப்பில் மட்குழாய்கள் புதைக்கப்பட்டு நீர் வடிக்கப்பட்டது. பிறவிடத்து மண் வண்டி வண்டியாகக் கொணரப்பட்டது. இலட்சக்கணக்கில் மரமுஞ் செடியும் நடப்பட்டன. 1859இல் ஒரே காலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைசெய்தனர். இயற்கையென்று இன்று பலர் மயங்கும் ஏரியும் குன்றும் பெரும்பாலும் கூலியாட்களின் வியர்வையே.

பூங்கா திறந்தபின் அதனை எங்ஙனம் பயன்படுத்துவது என்னும் வினா எழுந்தது. ஓம்ஸ்ரெட் காவலர் படையொன்றை அமைத்து, மக்களைத் தண்டிப்பதிலும் அவர்களுக்கு வழக்கங் கற்பிப்பதே அவர்தம் கடமையென்று பயிற்றினார். குறித்த இடமன்றிப் புல்லை மிதித்தலாகாது, பூப்பறித்தலாகாது, வண்டியை விரைந்து ஓட்டலாகாது என விதிகள் பலகைகளில் எழுதப்பட்டன. பந்தாட வந்த கழகத்தாரைச் சபை ஏற்கவில்லை. ஒரு கழகத்துக்கு இடங்கொடுத்தால் நூறு கழகம் வரும் என்றது. பின்னர், 1860களில், ஆசிரியரிடம் நற்சான்று பெற்று வரும் பாடசாலைச் சிறுவர்க்கு மட்டும் குறித்த நாட்களில் ஆட அனுமதி வழங்கியது. மைதானத் திறவுகோலுக்காக அதிபர் அறை வாயிலிற் காத்துநின்ற நம் பழைய மாணவர் இதனை வாசித்துப் புன்னகை செய்வர்.

இவ்விதிகள் எல்லோர்மேலும் ஒரே பாரமாக விழுந்தன அல்ல. முதற் பத்தாண்டுகளிற் பூங்காவை மிகுதியாக அனுபவித்தோர் வண்டியுடைய செல்வரே. இன்னிசைக் கச்சேரி சனிக்கிழமை பிற்பகலில் நடந்தது. தொழிலாளிக்கு ஓய்வோ ஞாயிற்றுக்கிழமை ஒன்றே. ஞாயிறன்று இசை கூடாதென்று சமயப்பற்றுடையோர் நெடுங்காலம் தடுத்தனர். எல்லோர்க்கும் பொதுவென்று கட்டிய இடத்தில் ஏழைக்கு ஏற்ற வேளையே வாய்க்காமற்போனது பெருங்குறை என்பதே எம் கருத்து. புல்லா, மக்களா என்னும் வழக்கு இன்றும் தீர்ந்ததன்று. 2004இற் போரெதிர்ப்பாளர் பெருங்கூட்டமொன்றுக்கு அப்பூங்காவின் பெரும்புல்வெளியைக் கேட்டபொழுது, புல் அழியும் என்று நகர நிர்வாகம் மறுத்தது.

ஓம்ஸ்ரெட்டுக்குச் சபையில் நேர்ந்த பெரும் இடர் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் என்னும் நிதிக் கண்காணிப்பாளர் வடிவில் வந்தது. கிறீன் சட்டத்தரணி, நேர்மையாளர், ஒரு சதத்துக்கும் கணக்குக் கேட்பவர். செடி வாங்கவும், ஆளை மாற்றவும் அவருடைய ஒப்பம் வேண்டும். தம் கலையைக் கணக்கன் நெரிக்கிறான் என்று ஓம்ஸ்ரெட் பொருமினார். 1860இல் வண்டி கவிழ்ந்து தொடையெலும்பு முறிந்து, அடுத்த சில நாட்களிற் கைக்குழந்தையையும் பறிகொடுத்த துயரிலும், பல்லக்குப்போன்ற கட்டிலிற் சுமந்துசெல்லப்பட்டு வேலையை மேற்பார்த்த மனிதருக்கு அவ்வாறு தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும் வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் ஓம்ஸ்ரெட் பக்கமே நின்று கிறீனைக் கருமியாகக் காட்டுதல் முறையாகாது. திட்டச் செலவு மதிப்பீட்டை மிஞ்சி ஏறிக்கொண்டே போயிற்று. பொதுப்பணத்தைக் காப்பவன் இனியவனாயிருத்தல் அரிது. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் ஓம்ஸ்ரெட் படையினரின் நலம் பேணும் ஆணைக்குழுவின் செயலாளராகச் சென்றார். பின்பு கலிபோர்ணியாவிற் பொற்சுரங்கமொன்றை நிர்வகித்தார். அவர் இல்லாத காலத்தும் கிறீன் திட்டத்தைப் பெரிதும் குலையாது நிறைவேற்றினார். பூங்கா வடக்கே 110ஆம் வீதி வரை விரிந்து 843 ஏக்கராயிற்று. 155ஆம் வீதிக்கு அப்பால் வீதிகளை வகுக்கும் பொறுப்பும் அச்சபைக்கே வந்தது.

கிறீனின் அருமை 1870இல் விளங்கிற்று. துவீட் என்பவரின் கட்சிக்குழு புதிய நகரச் சாசனம் ஒன்றைப் பெற்று, பழைய சபையைக் கலைத்து, பீற்றர் சுவீனி என்பவர் தலைமையிற் புதிய பூங்காத் திணைக்களத்தை அமைத்தது. 1865இலே திரும்பி வந்திருந்த ஓம்ஸ்ரெட்டும் வோக்சும் விலகினர். புதியோர் புதர்களை வெட்டித் துப்புரவாக்கினர், கீழ்க்கிளைகளைக் கழித்தனர், வடபுல்வெளியில் விலங்குக் காட்சிச்சாலை கட்டத் தொடங்கினர், தம்மவரை வேலைக்கு நிரப்பினர். துவீட்டின் கூட்டம் 1871இற் கவிழ்ந்தது. நகர நிதியைச் சீர்செய்ய அழைக்கப்பட்டவர் அதே கிறீன். ஓம்ஸ்ரெட்டும் மீண்டு, 1872இற் சில மாதங்கள் சபைத் தலைவராகவும் அமர்ந்தார்.

அமைதி நீடிக்கவில்லை. காவலர் படையைத் திருத்த முயன்றார். அங்கத்தவர் தத்தம் ஆட்களைக் காத்தனர். வேதனம் நிறுத்திவைக்கப்பட்டது. 1878 சனவரியிற் சபை அவர் பதவியையே ஒழித்தது. நண்பர் பலர் விண்ணப்பித்தும் பயனில்லை. 1882இல் அவர் தம் குறைகளைச் சிறு நூலாக அச்சிட்டு வெளியிட்டார். அதில் அழகைப் பற்றிய பேச்சுக் குறைவு. உத்தியோகம் வேண்டி வந்தோர் தொல்லையும், இன்னார்க்கு வேலை கொடு என்ற கட்டளைகளும், வேலையறியாதவர் கையில் மரங்கள் பட்ட பாடுமே மிகுதி. நகரசபை அலுவலகம் எதிலும் பணியாற்றியவர் அதனை வாசிப்பின் தம் அனுபவத்தையே வாசிப்பதாக உணர்வர்.

நியூயோர்க் தள்ளியவரைப் பொஸ்ரன் ஏற்றுக்கொண்டது. அங்கே துர்நாற்றம் வீசிய உவர்நீர்ச் சேற்று நிலமொன்றைச் சபையார் அவரிடம் காட்டினர். நகரப் பொறியியலாளரோடு கூடி, வெள்ளநீர் தேங்கி வடியவும் கழிவுநீர் வேறு வழி செல்லவும் ஏற்பாடு செய்து, அச்சேற்றையே நாணலும் நீரோடையுமுள்ள பூங்காவாக்கினார். வெள்ளத்தடுப்பும் பூங்காவும் ஒரே வேலையாயிற்று. அதிலிருந்து தொடங்கிப் பூங்காக்களைச் சங்கிலிபோற் கோத்தார். அங்கு அவருக்கு உற்ற பிணக்குகள் குறைவு. அதனாலே அதனைப் பற்றிச் சொல்லவேண்டியதும் குறைவு.

1892இல் மத்திய பூங்காவின் மேற்கோரத்தில் விரைகுதிரை ஓட்டும் வழியொன்றை அமைக்கச் சட்டம் நிறைவேறியது. ஓம்ஸ்ரெட் அப்பொழுது அந்நகரில் எவ்வதிகாரமும் இல்லாதவர். நகரமக்களே கொதித்தெழுந்தனர், சில வாரங்களில் அச்சட்டம் நீக்கப்பட்டது.

1895இல் நினைவு தளரத் தொடங்கவே ஓம்ஸ்ரெட் தொழிலைப் புதல்வரிடம் விட்டு ஓய்ந்தார். அவ்வாண்டு நவம்பரில் வோக்ஸ் புரூக்ளின் கடலில் மூழ்கி இறந்தார். 1898இல் ஓம்ஸ்ரெட்டைப் பொஸ்ரனுக்கு அண்மையிலுள்ள மக்லீன் மனநோய் மருத்துவமனையிற் சேர்த்தனர். அம்மருத்துவமனை நிலத்தை அமைப்பதற்கு முன்னொருகால் ஆலோசனை கூறியவர் அவரே. தாம் சொன்னபடி அங்குள்ளோர் செய்யவில்லை என்று அவர் குறைபட்டதாகக் கூறுவர். 1903 ஓகஸ்ட் 28ஆம் நாள் அங்கேயே காலமானார்.