வில்லியமினா பிளெமிங் அம்மையார்

வானியல் உலகில் அழியாப் புகழ்பெற்ற வில்லியமினா அம்மையார், ஸ்காட்லாந்திலுள்ள டண்டி நகரில் 1857ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் பிறந்தார். பதினான்கு வயதிலேயே மாணவ ஆசிரியையானார். 1877இல் ஜேம்ஸ் பிளெமிங் என்பவரை மணந்து, மறு ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்றார். அங்கே கர்ப்பிணியாயிருந்த அவரைக் கணவர் கைவிட்டார். பிழைக்க வழி தேடி, ஹார்வர்டு வானாய்வுக்கூட இயக்குநர் எட்வர்டு பிக்கரிங்கின் இல்லத்தில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார்.

அவருடைய அறிவுக்கூர்மையைக் கண்ட பிக்கரிங், 1881இல் ஆய்வுக்கூடத்திலேயே வேலை தந்தார். அங்கே விண்மீன்களின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் நிறமாலையாகப் பிரித்து, கண்ணாடித் தகடுகளில் படம்பிடித்தனர். அத்தகடுகளை ஆராய்வதே அம்மையாரின் பணி. 1890இல் வெளியான பட்டியலுக்காகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை வகைப்படுத்தினார்.

விண்மீன்களின் நிறமாலையில் பெரும்பாலும் கருங்கோடுகளே தெரியும். ஒளிரும் வாயுவோ பளிச்சிடும் கோடுகளைக் காட்டும். இவ்வடையாளத்தைக் கொண்டு 59 வாயு நெபுலாக்களை அவர் கண்டுபிடித்தார். முயல் விண்மீன் குழுவிலுள்ள ஐ.சி. 418 அவற்றுள் ஒன்று. அது மடியும் விண்மீன் உதிர்த்த வாயு என்பது பிற்காலத்தில்தான் விளங்கிற்று.

மடியும் விண்மீன் தன் மேலடுக்குகளை முதலில் மெதுவாக உதிர்க்கிறது. பின்பு அதன் வெப்பமிக்க உட்பகுதியிலிருந்து விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று வீசுகிறது. அது முந்தைய வாயுவின்மீது மோத, அதிர்ச்சி அலை எழுகிறது. மோதிய இடத்தில் இரும்பு, கந்தகம் முதலியவற்றின் கோடுகள், விண்மீனின் ஒளியால் மட்டும் விளையக்கூடியதைவிட மிகுந்து ஒளிரும். கோடுகள் விலகியுள்ள அளவு வாயுவின் வேகத்தைச் சொல்லும். அம்மையார் உற்றுநோக்கியவை போன்ற ஒளிக்கோடுகளே இன்றும் அறிஞருக்கு வழிகாட்டுகின்றன.

ஆனால் உழைப்புக்கேற்ற மதிப்பு எளிதில் கிட்டவில்லை. 1888இல் அவர் கண்ட குதிரைத்தலை நெபுலா, நெபுலாப் பட்டியலில் பிக்கரிங் பெயரிலேயே இடம்பெற்றது. உதவியாளர் சிலர் ஆண்டுக்கு 2,500 டாலர் பெற, தமக்கு 1,500 மட்டுமே என்று 1900இல் நாட்குறிப்பில் வருந்தி எழுதினார். எனினும் பணியில் தளரவில்லை. 1906இல் இங்கிலாந்தின் அரச வானியல் கழகம் அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது.

1910இல் மங்கலான விண்மீனொன்றின் வகையைத் தகடுகளிலிருந்து தேடித் தந்தார். மங்கலாயின் சிவப்பாயிருக்குமென அறிஞர் எண்ணியிருக்க, அதுவோ வெண்ணிறமாயிருந்தது! அதுவே வெண்குள்ள விண்மீன். வாயுவெல்லாம் கலைந்தபின் எஞ்சும் கரு.

1911 மே 21ஆம் நாள் நிமோனியா நோயால் அம்மையார் மறைந்தார். மாணவியரே, பிறர் வீட்டில் பணிசெய்த கைகளே விண்மீன்களின் முடிவை அறியும் வழியைத் துலக்கின. எந்த நிலையிலிருந்தும் அறிவை நாடலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.