ரொட்டியை நிறுத்திய டாக்டர்: யார் இந்த வில்லெம் டிக்கே? தென்காசிக்காரர்கள் அவரை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால், அருவியில் குளித்துவிட்டு வருகிற கூட்டத்தின் அடுத்த ஸ்டாப் பரோட்டா கடைதான். பிரானூர் பார்டர் பரோட்டாவுக்காகவே வண்டியைத் திருப்புகிறவர்கள் உண்டு. ஊருக்குக் கிளம்பும்போது கையில் ஒரு பொட்டலம் அல்வா. பரோட்டா மைதாவில் செய்வது. திருநெல்வேலி அல்வா, கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்துக் கிண்டுவது. இரண்டுக்கும் மூலப்பொருள் கோதுமைதான்.

நூறு பேர் சாப்பிட்டால் ஏறக்குறைய எல்லாருக்கும் இது செரிக்கும். ஆனால், மிகச் சிலருக்கு அதே கோதுமை சிறுகுடலையே சேதப்படுத்தும். அந்த நோயின் பெயர் சீலியாக். காலம் முழுக்க கோதுமையைத் தவிர்ப்பதுதான் இதற்கு இன்றுவரை அடிப்படைச் சிகிச்சை. அந்தச் சிகிச்சையை உலகத்துக்குக் கொடுத்தவர் நெதர்லாந்து நாட்டின் குழந்தைகள் நல மருத்துவர் வில்லெம் காரல் டிக்கே. அவர் அதை எப்படிக் கண்டுபிடித்தார், நிரூபிக்க ஏன் அத்தனை வருஷம் ஆனது? பார்ப்போம்.

முதலில், குளூட்டன் என்றால் என்ன?

பரோட்டா மாஸ்டர் மாவைத் தூக்கி வீசும்போது அது துணி மாதிரி விரிகிறது, சட்டென்று கிழிவதில்லை. அந்த இழுவைத் தன்மையைக் கொடுக்கிற புரதம்தான் குளூட்டன். இடியாப்ப மாவை அப்படி வீச முடியாது. அரிசியில் இந்தப் புரதம் இல்லை. கோதுமையில் இருப்பதுபோலவே பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இதே வகைப் புரதங்கள் இருக்கின்றன.

சீலியாக் உள்ளவர்கள் குளூட்டனைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்பு சக்தி தன் சொந்த சிறுகுடலையே தாக்குகிறது. உணவிலுள்ள சத்தை உறிஞ்சும் குடல் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். விளைவு: எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம், தீராத ரத்தசோகை, குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு என்று இது பல விதமாகத் தலைகாட்டும். இது சாதாரண அலர்ஜியும் இல்லை, தற்காலிக அஜீரணமும் இல்லை.

நோய் பழசு, காரணம்தான் தெரியவில்லை

ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மருத்துவர் அரேட்டியஸ் இது போன்ற ஒரு வயிற்று நோயை விவரித்திருக்கிறார். நவீன மருத்துவத்தில் இதைத் தெளிவாக எழுதியவர் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ. ஆண்டு 1888. இந்த நோய் குணமாக வேண்டுமென்றால் அது உணவு மூலமாகத்தான் முடியும் என்பது அவர் கணிப்பு. அது சரியான கணிப்பு. ஆனா, எந்த உணவு என்பதில்தான் அவர் தடம் மாறினார். அரிசியும் ஜவ்வரிசியும் ஆகாது, மெல்லிசாக வெட்டி இருபுறமும் நன்றாக வாட்டிய ரொட்டி பரவாயில்லை என்று எழுதினார். இன்றைக்கு நமக்குத் தெரிந்ததற்கு நேர் எதிர்!

1924-ல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவுமுறையை முன்வைத்தார். மாவுச்சத்துள்ள மற்ற உணவுகளை நிறுத்திவிட்டு வாழைப்பழத்தை நிறையக் கொடுப்பது அவர் முறை. குழந்தைகள் தேறினார்கள். வாழைப்பழத்துக்கு ஏதோ மருந்துக் குணம் இருக்கிறது என்று பலரும் நம்பினார்கள். உண்மையில் குழந்தைகளைக் காப்பாற்றியது வாழைப்பழம் தட்டுக்கு வந்தது அல்ல, ரொட்டி தட்டிலிருந்து போனது. அதனால்தான், குணமாகிவிட்டது என்று நினைத்து மறுபடி ரொட்டி சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பி வந்தது.

டோர்ட்ரெக்ட் முதல் ஹேக் வரை

டிக்கே 1905-ல் நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் பிறந்தார். லெய்டனில் மருத்துவம் படித்தார். பிறகு ஹேக் நகரிலுள்ள ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தைகள் நலத்தில் பயிற்சி எடுத்தார். 1936-ல் அதே மருத்துவமனைக்கு மருத்துவ இயக்குநர் ஆனார். அப்போது அவருக்கு வயது 31.

அந்தக் காலத்தில் சீலியாக் குழந்தைகள் மாதக்கணக்கில் மருத்துவமனைப் படுக்கையிலேயே இருந்தார்கள். கை, கால் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பியிருக்கும். பல குழந்தைகள் பிழைக்கவில்லை. பெற்றோரிடம் சொல்வதற்கு டாக்டர்களிடம் பதிலும் இல்லை.

டிக்கே பற்றிய வரலாறுகளில் ஒரு தகவல் தவறாமல் வரும். 1930-களில், அந்த மருத்துவமனைக்கு வந்த ஒரு இளம் தாய், தன் குழந்தைக்கு ரொட்டியை நிறுத்தினால் தோல் தடிப்பு சீக்கிரம் சரியாகிறது என்று சொல்லியிருக்கிறார். மருத்துவப் படிப்பு இல்லாத ஒருவர் வீட்டில் கவனித்துச் சொன்ன விஷயம். எளிதாகக் கடந்துபோயிருக்கலாம். அதுவும் ரொட்டியே பிரதான உணவாக இருக்கும் ஒரு நாட்டில், ரொட்டி மீது யாருக்குச் சந்தேகம் வரும்? நம்ம ஊரில் ஒரு அம்மா வந்து, சோறு சாப்பிட்டால்தான் பிள்ளைக்கு முடியாமல் போகிறது என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

டிக்கே அதை ஒதுக்கவில்லை. கோதுமை இல்லாத உணவைக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார். 1941-ல் டச்சு மருத்துவ இதழில் இதற்கான எளிய உணவுமுறை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் ரொட்டியும் ரஸ்க்கும் வேண்டாம் என்றே எழுதினார். சாமுவேல் ஜீ அனுமதித்த அதே பொருள்கள்!

பஞ்சத்தில் கண்டுபிடித்தாரா? கதையும் உண்மையும்

இணையத்தில் டிக்கே பெயரைத் தேடினால் ஒரு கதை கிடைக்கும். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலம், 1944-45. ஜெர்மனியின் பிடியில் இருந்த மேற்கு நெதர்லாந்தில் உணவு வரத்து நின்றுபோனது. மக்கள் துலிப் கிழங்கையும் சர்க்கரை பீட்டையும் சாப்பிட்டு உயிர் பிழைத்தார்கள். சுமார் 20,000 பேர் இறந்தார்கள். ஊரே பட்டினி கிடந்தபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். வெளியிலிருந்து ரொட்டி வந்ததும் மறுபடி நோயில் விழுந்தார்கள். அதைப் பார்த்துத்தான் டிக்கேவுக்குப் பொறி தட்டியது. இதுதான் கதை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனா, தேதிகள் ஒத்துவரவில்லை. 1941 கட்டுரை பஞ்சத்துக்கு மூன்று வருஷம் முந்தையது. அதாவது, கோதுமை மீதான சந்தேகம் டிக்கேவுக்கு முன்பே இருந்தது. பஞ்ச அனுபவம் அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தியது, அவ்வளவுதான். ஒரே நாளில் கிடைத்த ஞானமாக இதைச் சொல்லும்போது, அந்தத் தாய் கவனித்ததும் டிக்கேவின் பல வருஷ உழைப்பும் காணாமல் போய்விடுகின்றன.

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு

ஹாஸுக்கும் டிக்கேவுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். குழந்தை தேறியதும் ஹாஸ் வாழைப்பழத்துக்கு நன்றி சொன்னார். டிக்கே அளவெடுத்தார்.

சில குழந்தைகளை அவர் நீண்ட காலம் தொடர்ந்து கவனித்தார். எடை, உயரம் எல்லாம் வரைபடமாகப் பதிவானது. கோதுமை இல்லாத காலத்தில் கோடு மேலே ஏறியது. மறுபடி கோதுமை சேர்த்தபோது பசி குறைந்தது, வயிற்றுப்போக்கு வந்தது, வளர்ச்சிக் கோடு நின்றது அல்லது கீழே இறங்கியது. நோயுள்ள குழந்தைக்கு அந்த உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது இன்றைய கண்ணுக்கு நெருடலாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி ஒப்பிட்டுப் பார்க்காமல் மருத்துவ உலகம் நம்பியிருக்காது.

இந்த இடத்தில் அவருக்குக் கைகொடுத்தவர்கள் இருவர். உயிர்வேதியியலாளர் வான் டி காமர், மலத்தில் எவ்வளவு கொழுப்பு வீணாக வெளியேறுகிறது என்று துல்லியமாக அளக்கும் முறையை உருவாக்கினார். குழந்தைகள் நல மருத்துவர் வெய்யர்ஸ் ஆய்வில் சேர்ந்தார். குழந்தை தேறிய மாதிரி இருக்கிறது என்று சொல்லாமல், இத்தனை கிராம் கொழுப்பு உடம்பில் சேராமல் வெளியேறுகிறது என்று எண்ணில் சொல்ல முடிந்தது.

1950-ல் டிக்கே தன் ஆய்வேட்டை உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். அடுத்த கேள்வி, கோதுமையில் எந்தப் பகுதி குற்றவாளி? மூவரும் கோதுமையைப் பிரித்துப் பார்த்தார்கள். மாவுச்சத்து மட்டும் கொடுத்தால் பாதிப்பில்லை. புரதப் பகுதியான குளூட்டனைக் கொடுத்தால் பாதிப்பு. அதிலும் கிளையடின் என்ற பகுதிதான் பிரச்சினை. இந்த முடிவுகள் 1953-ல் வெளியாகின. இதற்கிடையே 1952-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் சார்லட் ஆண்டர்சன் குழுவினரும் தனியாக ஆய்வு செய்து இதை உறுதிப்படுத்தினார்கள்.

1954-ல் சீலியாக் நோயாளியின் சிறுகுடல் சேதத்தை பிரிட்டிஷ் மருத்துவர் பாலி விவரித்தார். பிறகு வயிற்றைக் கிழிக்காமல், குழாய் மூலமே சிறுகுடல் திசுவை எடுக்கும் வழி வந்தது. குளூட்டன் என்ன செய்கிறது என்பதை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

1957-ல் டிக்கே உட்ரெக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும், அங்குள்ள வில்ஹெல்மினா குழந்தைகள் மருத்துவமனையின் இயக்குநராகவும் ஆனார். அந்தப் பொறுப்பில் நீண்ட காலம் இருக்கக் கொடுத்துவைக்கவில்லை. 1962-ல், 57-வது வயதில் இறந்தார். அவர் பெயரில் டச்சு மருத்துவச் சங்கம் ஒன்று தங்கப் பதக்கம் வழங்கிவருகிறது.

நாம் அரிசி சாப்பிடுகிற ஊர், நமக்கு இது வருமா?

நியாயமான கேள்வி. இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,331 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. சீலியாக்கைக் காட்டும் ஆன்டிபாடி வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கும், வடகிழக்கில் 0.87 சதவீதம் பேருக்கும், தெற்கில் 0.10 சதவீதம் பேருக்கும் இருந்தது. நோயே உறுதியானவர்கள் தெற்கில் இன்னும் குறைவு.

நம் மரபணு வேறு என்பதால் இந்த வித்தியாசம் வந்ததா? அப்படித் தெரியவில்லை. சீலியாக் வர வாய்ப்பளிக்கும் மரபணு மூன்று பகுதிகளிலும் பெரிய வேறுபாடின்றி இருந்தது. வேறுபட்டது கோதுமையின் அளவு. சராசரியாக ஒருவர் ஒரு நாளைக்கு வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம்.

இப்போது தென்காசியில் பலர் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டை யோசித்துப் பாருங்கள். சுகருக்காகச் சப்பாத்தி, அவசரத்துக்குப் பரோட்டா, பிள்ளைகளுக்கு நூடுல்ஸ், பிஸ்கட், பிரெட். அந்த 25 கிராம் ஒரே வேளையில் தாண்டிவிடும். இதனால் எல்லாருக்கும் சீலியாக் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் இது வட இந்திய நோய், நமக்கு வராது என்று ஒதுக்கிவிட்டால், வந்தவருக்கும் கண்டுபிடிக்கத் தாமதமாகும்.

உங்களுக்குச் சந்தேகம் இருந்தால்...

- முதலில் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பிறகு சோதித்தால் நோய் இருந்தும் முடிவு சரியாக வராமல் போகலாம்.
- வயிறு, குடல் நோய் மருத்துவரிடம் செல்லுங்கள். முதலில் ரத்தப் பரிசோதனை. தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி செய்து, சிறுகுடல் திசுவைச் சோதிப்பார்கள்.
- நோய் உறுதியானால், கொஞ்சமாகச் சாப்பிடலாமா என்று கேட்கவே வேண்டாம். உடம்பு நன்றாகத் தெரிந்தாலும் வாழ்நாள் முழுக்கத் தவிர்க்க வேண்டும்.

நல்ல செய்தி, நம் சமையலில் பாதிக்கு மேல் ஏற்கெனவே குளூட்டன் இல்லாதது. இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், அரிசிப் புட்டு, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, பருப்பு, காய், மீன், கறி எல்லாம் சாப்பிடலாம். செங்கோட்டைப் பக்கம் கிடைக்கிற நேந்திரம்பழ சிப்ஸிலும், மாவு எதுவும் சேர்க்காத வரை, பிரச்சினையில்லை.

சிக்கல் ஒளிந்திருக்கிற இடங்கள்தான். ரவை, சேமியா, மைதா மூன்றுமே கோதுமை. ரவா தோசையைப் பெயர் பார்த்து நம்பக் கூடாது. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அது சாம்பாரிலும் ரசத்திலும் போய்ச் சேரும். மால்ட் என்று எழுதியிருக்கும் பானங்கள் பெரும்பாலும் பார்லியில் வந்தவை. சோயா சாஸிலும் கோதுமை உண்டு. அரிசி மாவு தோசையே ஆனாலும் பரோட்டா போட்ட அதே கல்லில் ஊற்றினால் குளூட்டன் ஒட்டும். பாக்கெட் பொருளில் குளூட்டன் இல்லாதது என்று அச்சிட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. லேபிளைப் படிப்பது சீலியாக் உள்ளவர்களுக்குத் தினசரி வேலை.

சீசனுக்கு வந்த கூட்டத்தில், எனக்கு மைதா ஒத்துக்கல, வேற கல்லுல ஒரு தோசை போட முடியுமா என்று யாராவது கேட்டால், பந்தா பண்றாங்க என்று நினைக்க வேண்டாம். பிள்ளைக்கு ரொட்டிதான் சேரவில்லை என்று ஒரு தாய் சொன்னபோது டிக்கே சிரித்துவிட்டுப் போயிருந்தால், இன்னும் எத்தனை குழந்தைகள் அந்தப் படுக்கைகளிலேயே கிடந்திருப்பார்களோ.