ஐன்ஸ்டைன் கல்லூரி புகுந்த வரலாறு

ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் என்னும் பெயரைக் கேளாதார் இலர். அவ்வறிஞர் இளமையில் ஒரு கல்லூரியில் இடம் வேண்டிச் சென்று, இடம் பெறாது திரும்பிய செய்தியைப் பலர் அறியார்.

ஐன்ஸ்டைன் 1879ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள், ஜெர்மனி நாட்டு உல்ம் நகரில் பிறந்தார். மறு ஆண்டே அவர்தம் குடும்பம் மியூனிக் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்குத் தந்தையாரும் சிற்றப்பனாரும் மின்கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தனர். 1894ஆம் ஆண்டில் அத்தொழில் நலிவுற்றது. பெற்றோர் பிழைப்பு நாடி இத்தாலிக்குச் சென்றனர். மகனை மட்டும் படிப்பு முடியும்வரை மியூனிக்கிலேயே விட்டுச் சென்றனர்.

அந்நகரப் பள்ளியின் கடுமையான ஒழுங்குமுறை ஐன்ஸ்டைனுக்கு ஒத்துவரவில்லை. மனப்பாடம் செய்து ஒப்புவித்தலை அவர் வெறுத்தார். கணக்கில் மட்டும் அவருக்கு நிகரில்லை. தனிமை ஒருபுறம், பள்ளியின் மேல் வெறுப்பு ஒருபுறம் வருத்த, 1894 டிசம்பரில் படிப்பை இடையில் விட்டு இத்தாலிக்குப் புறப்பட்டுவிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 15. பள்ளியிறுதிச் சான்று அவர் கையில் இல்லை. கணித ஆசிரியர் அவரது திறமையைக் குறித்து எழுதித் தந்த மடல் ஒன்றே இருந்தது.

சான்றின்றி எந்தக் கல்லூரியில் சேர்வது? தந்தையாரோ தொழிலில் இழப்புக்குமேல் இழப்புற்றிருந்தார். மகன் விரைவில் மின்பொறியாளன் ஆகவேண்டும் என்பது அவர் விருப்பம். சுவிட்சர்லாந்து நாட்டுச் சூரிச் நகரில் பாலிடெக்னிக் என்னும் கல்லூரி இருந்தது. (நம் நாட்டில் அப்பெயரால் வழங்குவனவற்றினும் அது உயர்ந்த நிலையது.) அங்கு நுழைவுத் தேர்வில் தேறினால் சான்று இல்லாதாரும் சேரலாம். எனவே அதனையே தேர்ந்தனர். ஆனால் 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். ஐன்ஸ்டைனுக்கோ 16 தான். குடும்ப நண்பர் ஒருவர் பரிந்துரைக்க, கல்லூரித் தலைவர் ஹெர்சாக் தேர்வெழுத இசைவு தந்தார்.

1895 அக்டோபரில் தேர்வு நடந்தது. கணிதத்திலும் இயற்பியலிலும் ஐன்ஸ்டைன் மிகச் சிறப்பாக எழுதினார். மொழி முதலிய பொதுப்பாடங்களில் தவறினார். கல்லூரியில் இடம் கிட்டவில்லை.

இந்நிலையில் இரு வழிகள் அவர்முன் தோன்றின. இயற்பியல் பேராசிரியர் வெபர், சூரிச்சில் தங்கினால் தம் வகுப்புகளில் அமர்ந்து கேட்கலாம் என்றார். இளைஞர் எவர்க்கும் இது பெருமை தரும் அழைப்பே. ஹெர்சாக்கோ, ஆரோ என்னும் சிற்றூர்ப் பள்ளியில் ஓராண்டு பயின்று, குறைந்த பாடங்களை நிறைவு செய்து வருமாறு அறிவுறுத்தினார். கல்லூரி வாயில்வரை சென்றவன் மீண்டும் பள்ளிப் பலகையில் அமர்வதா என்று ஐன்ஸ்டைன் நாணவில்லை. ஆரோவுக்கே சென்றார்.

அவ்வூர் அவருக்கு நன்மையே செய்தது. பெஸ்டலோசி என்னும் கல்வியறிஞரின் நெறியைப் பின்பற்றிய அப்பள்ளியில், உருப்போடுதலினும் கண்டுணர்தலே போற்றப்பட்டது. ஐன்ஸ்டைன் தங்கியிருந்ததும் வின்டெலர் என்னும் ஆசிரியர் இல்லத்தில்தான். அங்கு அவரை வீட்டுப் பிள்ளை போலவே நடத்தினர். ஒளிக்கதிரை அதன் வேகத்திலேயே தொடர்ந்து ஓடினால் அது எவ்வாறு தோன்றும் என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது இவ்வூரிலேதான். பின்னாளில் அவர் கண்ட சார்புக் கொள்கைக்கு அதுவே வித்து.

1896 செப்டம்பரில் இறுதித் தேர்வு எழுதினார். இயற்கணிதம், வடிவகணிதம், இயற்பியல், வரலாறு ஆகியவற்றில் 6 பெற்றார். பிரெஞ்சு மொழியில் 3 தான். சுவிட்சர்லாந்தில் 6 என்பது முதன்மை மதிப்பெண். ஜெர்மனியிலோ 1 முதன்மை. இவ்வேறுபாட்டை அறியாதாரே ஐன்ஸ்டைன் கணக்கில் தோற்றவர் என்பர். அவ்வாண்டு அக்டோபரில் சூரிச் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. மின்பொறியியலை விடுத்து, கணித, இயற்பியல் ஆசிரியர்க்குரிய பிரிவில் சேர்ந்தார். தாய்வழி உறவினர் திங்கள்தோறும் 100 பிராங்கு அனுப்பி உதவினர்.

கல்லூரியிலும் அவர் அடங்கிய மாணவராக இருந்தார் அல்லர். பல வகுப்புகளுக்குச் செல்லாது தாமே நூல்களைப் பயின்றார். தேர்வு நெருங்கும்பொழுது நண்பர் கிராஸ்மன் எழுதிய குறிப்பேடுகளே கைகொடுத்தன. 1900இல் பட்டம் பெற்றும், கல்லூரியில் துணையாசிரியர் பணி கிட்டவில்லை. 1902இல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் அமர்ந்தார். அங்கிருந்தபடியே 1905இல் சார்புக் கொள்கை உள்ளிட்ட அரிய கட்டுரைகளை வெளியிட்டார்.

1912இல் சூரிச் கல்லூரி அவரைப் பேராசிரியராக அழைத்தது. கிராஸ்மன் அப்பொழுது அங்கே கணிதப் பேராசிரியர். தம் புதிய ஆராய்ச்சிக்கு வேண்டிய வடிவகணிதம் தமக்குப் போதிய அளவு தெரியாமையால், ஐன்ஸ்டைன் மீண்டும் அந்நண்பரையே நாடினார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை மறு ஆண்டு வெளிவந்தது.