நைட்டிங்கேல் அம்மையார்

தமிழ்நாட்டின் வட எல்லையில், ஆந்திர நாட்டை அடுத்து, திருத்தணிகை மலை அமைந்துள்ளது. சூரபதுமனோடு புரிந்த போர் முடிந்தபின் முருகப்பெருமான் சினம் தணிந்து அமர்ந்த இடம் இம்மலை என்பர். செரு என்பது போர். செரு தணிந்த இடமாதலின் செருத்தணி எனப் பெயர் பெற்று, அதுவே பின்னர்த் திருத்தணி ஆயிற்று என்றும் கூறுவர். போர் தணிந்தாலும் காயமுற்ற வீரரின் துயர் உடனே தணிவதில்லை. அத்துயரைத் தணிப்பதே படைச் செவிலியரின் தொண்டாகும். இன்று அவ்வூர்ப் பெண் ஒருத்தி இத்தொண்டை விரும்பினால், அவளுக்குக் கல்லூரி உண்டு, பாடநூல்கள் உண்டு, தேர்ச்சி பெற்றபின் பெயரைப் பதிவு செய்து உரிமச் சான்று அளிக்கும் குழுமமும் உண்டு. படைப்பணியில் சேரும்போதே அவள் லெப்டினன்ட் பதவியும் பெறுவாள். இவற்றுள் ஒன்றேனும் இல்லாத காலத்தில், அப்பணிக்குத் தம்மைத் தாமே ஆயத்தம் செய்துகொண்டவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த நகரின் பெயரையே பெற்றோர் அவருக்கு இட்டனர். தந்தையாரே ஆசிரியராக அமர்ந்து பல மொழிகளையும் வரலாற்றையும் கற்பித்தார். 1837-இல், தம் பதினாறாம் வயதில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைப்பதாக அம்மையார் உணர்ந்தார். நோயாளிகளைப் பேணுவதே அத்தொண்டு என்பது சில ஆண்டுகளில் அவர் உள்ளத்தில் உறுதிப்பட்டது.

அந்நாளில் மருத்துவமனைத் தாதியர்க்குப் பயிற்சியும் இல்லை. சமூகத்தில் மதிப்பும் இல்லை. ஆதலின், 1845-இல் அருகிலிருந்த சாலிஸ்பரி மருத்துவமனையில் சேர்ந்து பயில அவர் விரும்பியபோது பெற்றோர் இசையவில்லை. அம்மையார் பெற்றோரைப் பகைத்து வெளியேறவில்லை; தம் விருப்பத்தைக் கைவிடவும் இல்லை. விடியலுக்கு முன் எழுந்து, விளக்கொளியில் மருத்துவமனைகளைப் பற்றிய அரசாங்க அறிக்கைகளைப் படித்துக் குறிப்பெடுத்தார். பொழுது விடிந்தபின் வீட்டுப் பணிகளைச் செய்தார். விரும்பி மணக்க முன்வந்தவரையும் தொண்டின் பொருட்டு மறுத்தார்.

1851-இல் செருமனியிலுள்ள கெய்சர்ஸ்வெர்த் என்னும் ஊரில் மூன்று திங்கள் தங்கிப் பயிலும் வாய்ப்புக் கிட்டியது. அங்கு எளிய உணவு உண்டு, புண்ணைக் கழுவுதல், கட்டுதல் முதலியவற்றைக் கற்றார். பின்னர்ப் பாரிசு நகர மருத்துவமனைகளைக் கண்டறிந்தார். 1853-இல் லண்டனில் ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் தலைமைப் பொறுப்பை ஊதியமின்றி ஏற்றார்.

அடுத்த ஆண்டில் ஆங்கில நாடு கிரிமியப் போரில் இறங்கியது. காயமுற்ற ஆங்கில வீரர்கள் பேணுவாரின்றி மடியும் செய்தி நாளிதழ்களில் வெளிவந்தது. போர்த்துறை அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரை வேண்டினார். 38 பெண்களுடன் புறப்பட்ட அம்மையார், 1854 நவம்பர் தொடக்கத்தில் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி மருத்துவமனையை அடைந்தார். அங்கிருந்த மருத்துவர்கள் பெண்களின் உதவியை விரும்பவில்லை. அம்மையார் பொறுமை இழந்தாரல்லர். மருத்துவர் அழைக்கும்வரை நோயாளியரிடம் செல்லலாகாது என்று தம் குழுவினர்க்குக் கட்டளையிட்டார். அவர்கள் துணி தைத்துக் காத்திருந்தனர். சில நாட்களில் காயமுற்றோர் வெள்ளமென வந்து சேர்ந்தனர்; மருத்துவர்களே உதவியை நாடினர். இரவில் விளக்கேந்தி நோயாளியரைப் பார்வையிட்டு வந்தமையால், விளக்கேந்திய மங்கை என அம்மையார் புகழப்பெற்றார்.

எனினும், அக்குளிர்காலத்தில் இறப்பு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் நோயாளியருள் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். கட்டடத்தின் அடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டு நாற்றமெடுத்துக் கிடந்தன. மார்ச்சுத் திங்களில் அரசாங்கம் அனுப்பிய சுகாதாரக் குழுவினர் அவற்றைத் தூய்மை செய்தபின், சூன் திங்களில் இறப்பு நூற்றுக்கு இரண்டு அளவாகக் குறைந்தது. போர் முடிந்து திரும்பிய அம்மையார், கணக்குகளைத் தொகுத்து ஆராய்ந்தார். காயத்தினும் நோயே மிகுதியான வீரரைக் கொன்றது என்பதையும், அன்புடன் பேணியும் தம்மால் பலரைக் காக்க இயலாமற் போனதன் காரணத்தையும் அப்போதுதான் முழுமையாக உணர்ந்தார். உணர்ந்ததை மறைக்காமல் உலகுக்கு எடுத்துரைத்தார். அன்பு மட்டும் போதாது. அறிவும் தூய்மையும் அதனோடு சேரவேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை.

அவ்வுண்மையைப் பிறர்க்குக் கற்பிக்கவே, மக்கள் நன்றியுடன் திரட்டி அளித்த நிதியைக் கொண்டு, 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். இந்தியாவுக்கு அவர் வந்ததில்லை. ஆயினும், இங்குள்ள படைவீடுகளின் தூய்மைக்காகப் பல்லாண்டுகள் உழைத்தார். இராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்த 1888-ஆம் ஆண்டிலேதான், பயிற்சி பெற்ற செவிலியர் பதின்மர் இந்தியப் படை மருத்துவமனைகளுக்கென முதன்முதலாக வந்திறங்கினர்.

செவிலியர்க்குத் தேர்வு நடத்திப் பெயரைப் பதிவு செய்யவேண்டும் என்று சிலர் முயன்றபோது அம்மையார் அதனை எதிர்த்தார். தேர்வு அறிவை அளக்குமேயன்றி நற்பண்பை அளக்காது என்பது அவர் கருத்து. நோயாளியரின் நலங்கருதிப் பதிவு முறை பின்னர்ச் சட்டமாயிற்று. சென்னை மாகாணத்தில் 1926-இல் அச்சட்டம் இயற்றப்பட்டது. பதிவு முறை இன்றியமையாததே. ஆயினும் அம்மையாரின் எச்சரிக்கையும் பொய்யன்று.

1910 ஆகஸ்டு 13-ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில் அம்மையார் இயற்கை எய்தினார். இரண்டு ஆண்டிற்கும் குறைந்த போர்க்களப் பணிக்கு அவர் பதினேழு ஆண்டுகள் ஆயத்தம் செய்தார். அதன் பின்னும் கற்பதை நிறுத்தினாரல்லர். தணிகை மலைக்கு 365 படிகள் உண்டு. உரிமச் சான்று பெற்றுப் பணிக்குப் புறப்படும் செவிலி ஏறி முடித்தது முதற்படியே. எஞ்சிய படிகளை அவள் நாள்தோறும் நோயாளியின் கட்டிலருகே நின்று ஏறவேண்டும்.