நாடக வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள்

கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் 'வள்ளி திருமணம்' நாடகம் பார்த்திருக்கிறீர்களா? தினைப்புனத்தில் வள்ளி பரண் மேல் நின்று பறவைகளை விரட்டுவாள். முருகன் வேடனாக வருவார். வேங்கை மரமாக நிற்பார். பிறகு தள்ளாடும் கிழவராக வந்து வள்ளியிடம் வம்பு பேசுவார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். கடைசியில் யானை வரும், வள்ளி பயந்து கிழவரிடமே ஓடுவாள், கல்யாணமும் நடந்துவிடும்!

பாட்டும் சிரிப்புமாக இந்த நாடகத்தை எழுதியவர் யார் தெரியுமா? நம் தூத்துக்குடிச் சீமைக்காரர்தான்!

ஓட்டப்பிடாரம் என்றதும் உங்களுக்கு வ.உ.சிதம்பரனார் நினைவுக்கு வருவார். அவருக்கு ஐந்து வயது மூத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867 செப்டம்பர் 7-ஆம் தேதி பிறந்தார். தந்தை தாமோதரன், இராமாயணத்தில் பெரும் புலமை உள்ளவர். சங்கரதாஸ் முதலில் தந்தையிடமும் பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் படித்தார். சில காலம் தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். கை கணக்கு எழுதியது. மனமோ பாட்டு எழுதியது!

24 வயதில் வேலையை விட்டு நாடகத்தில் சேர்ந்தார். இராவணன், இரணியன், எமன், சனீஸ்வரன் என்று பயங்கரமான வேடங்கள்! ஒருநாள் விடியற்காலையில் சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்கக் குளத்துக்குப் போனார். எதிரே வந்த கர்ப்பிணிப் பெண் அவரைக் கண்டு நடுங்கி விழுந்தார். அவருக்குப் பெருந்தீங்கு நேர்ந்தது என்று சொல்வார்கள். சுவாமிகளின் மனம் உடைந்தது. நடிப்பதையே விட்டுவிட்டார்.

நாடகத்தை விட்டாரா? இல்லை! எழுதவும் சொல்லிக் கொடுக்கவும் தொடங்கினார். பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று சுமார் 40 நாடகங்களை எழுதினார்.

அந்நாளில் பெரிய நடிகர்கள் சிலர் ஒழுங்காக ஒத்திகைக்கு வரமாட்டார்கள். மேடையில் கதையை மறந்து வாதம் செய்வார்கள். சுவாமிகள் யோசித்தார். சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். 1918-இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' தொடங்கியது. அங்கே வள்ளியாக நடித்ததும் ஒரு பையன்தான்! ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, சொல் சிதையாமல் பாட வேண்டும்.

ஆறு வயதில் அங்கே சேர்ந்தவர், பின்னாளில் 'அவ்வை' சண்முகம் என்று புகழ் பெற்ற டி.கே.சண்முகம். அந்தச் சின்னப் பையனுக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு' நாடகத்தை எழுதினார். நான்கு மணி நேர நாடகம், நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள். அவ்வளவையும் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சண்முகமே பிற்காலத்தில் வியந்து எழுதியிருக்கிறார்.

கடைசிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை கால் முடங்கியது; பேச்சும் நின்றது. எத்தனையோ பேருக்குப் பேசக் கற்றுக் கொடுத்தவரால் ஒரு சொல்கூடப் பேச முடியவில்லை. ஆனாலும் அவர் தம் பிள்ளைகளை விட்டுப் பிரியவில்லை, சபையுடனேயே இருந்தார். 1922 நவம்பர் 13-ஆம் தேதி புதுச்சேரியில் காலமானார். அவருடைய சமாதி அங்கே கருவடிக்குப்பத்தில் இருக்கிறது.

குழந்தைகளே! அவர் வாய் மூடியது, பாட்டு நிற்கவில்லை. அவரிடம் படித்த பிள்ளைகள் ஊர் ஊராகப் பாடினார்கள். தென்மாவட்டத் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' இன்றும் நடக்கிறது. அடுத்த முறை கிழவரைப் பார்த்துச் சிரிக்கும்போது, அந்தச் சிரிப்பை நமக்குத் தந்த வாத்தியாரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.